ஆடிட்டுக்கு முந்தைய அரை மணி நேரம்

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்தேன். ஏழு மாசத்துக்கு முன்னால் லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் லைனில் 34 பேர். பாதிப் பேர் நம் ஊர்ப் பெண்கள், மீதி ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். இன்னும் பத்து நாளில் பையர் ஆடிட், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியின் சோதனை, வருகிறது. தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறது, மாசத்தில் இரண்டு ஞாயிறு வேலை இருக்கிறது. ஆனால் ‘எட்டு மணி நேரம்தான் வேலை, ஞாயிறு லீவு, ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) டபுள் சம்பளம் என்று சொல்ல லைனைத் தயார் பண்ணு’ என்கிறார் மேனேஜர். ரிஜெக்ட் ஆன பீஸுக்கு டெய்லர் சம்பளத்தில் பிடிக்கும் லிஸ்ட்டில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போன வாரம் டார்கெட் வரவில்லை என்று அவர் என்னைத் திட்ட, அந்தக் கோபத்தில், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழியை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். நேர்மையாகவும் இருக்க வேண்டும், வேலையும் இருக்க வேண்டும். நடக்குமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நடக்கும். ஆனால் சில இடங்களில் சங்கடப்பட வேண்டியிருக்கும். அந்தச் சங்கடம் எங்கெங்கே வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோவை, திருப்பூர் பக்கம் மில்களிலும் கார்மெண்ட்ஸிலும் இருபத்திரண்டு வருஷம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள் நான். உங்களை இப்போது செய்யச் சொல்கிற காரியத்தை நானே செய்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்வது சரியில்லை.

அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். ஆடிட்டுக்கு முதல் நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் கேண்டீனில் அரை மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்தோம். கேள்விகளை நான் கேட்டேன். எத்தனை மணிக்கு வருவீங்க? எட்டரைக்கு. எத்தனை மணிக்குப் போவீங்க? அஞ்சரைக்கு. ஞாயிற்றுக்கிழமை? லீவு. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் நூறு பேர் சொன்னார்கள். சின்னப் பெண்கள் சிரித்தார்கள், பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதில்களை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்த லைன் சூப்பர்வைசருக்கு உங்கள் வயதுதான் இருக்கும்.

மறுநாள் ஆடிட்டர் செக்கிங் டேபிளில் இருந்த ஒரு வயதான அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடியே பிசகாமல் சொன்னார். ஆடிட்டர் தலையாட்டிவிட்டு நேராக ஸ்டோருக்குப் போய் உடைந்த ஊசி நோட்டைக் கேட்டார். உங்களுக்கே தெரியும், மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, செல்லோடேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதி, மெஷின் நம்பர், டெய்லர் பெயர் எழுதிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். குழந்தைச் சட்டையில் ஒரு துண்டு தங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த நோட்டு அது. அந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியில் பதினோரு ஊசிகள் ஒட்டப்பட்டிருந்தன. டைம் கார்டை உட்கார்ந்து மாற்றி எழுதிய யாருக்கும் அந்த நோட்டு ஞாபகம் வரவில்லை.

ஆர்டர் கொஞ்ச நாள் நின்றது. ‘எங்களுக்குத் தெரியாமல் சூப்பர்வைசர்தான் ஞாயிறு வேலை வாங்கினார்’ என்று நிர்வாகம் எழுதிக்கொடுத்தது. அந்த வெள்ளைத்தாளில் இருந்தது அவர் கையெழுத்து. அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இதைவிட முக்கியம். மூன்று மாதம் கழித்து, ஒரு மெக்கானிக் தன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறான் என்று விடுதிப் பெண் ஒருத்தி வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டேன். “நீங்களும் கம்பெனி ஆளுதானுங்களே மேடம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த அரை மணி நேரத்தின் விலை இதுதான், சகோதரி. மாட்டிக்கொண்டால் பழி உங்கள் தலையில் விழும் என்பது ஒரு பக்கம். மாட்டாமல் போனாலும், பொய்யைச் சொல்லிக்கொடுத்தவளிடம் இனி யாரும் உண்மையைக் கொண்டுவர மாட்டார்கள். லைனில் எது நடந்தாலும் உங்களுக்குத்தான் கடைசியாகத் தெரியும். ஒயர் கருகுகிற வாசனை வந்தால்கூட ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்று தைத்துக்கொண்டிருப்பார்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பரில் எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் தொழிலாளர் நிலைமைக்கான எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழை அந்தத் தொழிற்சாலை ஆடிட்டில் வாங்கியிருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்தது. முந்தின நாளே கட்டடத்தில் விரிசல் தெரிந்து, கீழே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல்மாடித் தையல் பெண்களை மட்டும், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டி மறுநாள் காலையில் உள்ளே அனுப்பினார்கள். 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மிரட்டலைத் தொழிலாளியிடம் கொண்டு சேர்த்த வாய்களில் சூப்பர்வைசர்களின் வாயும் இருந்திருக்கும். முதலாளி நேரில் வந்து ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வதில்லையே. எங்கேயும் கடைசி வார்த்தையைச் சொல்லும் வேலை நம்மைப்போல் நடுவில் நிற்பவர்களுக்குத்தான் வருகிறது.

சரி, இந்தப் பத்து நாளில் என்ன செய்வது?

மேனேஜரிடம் நியாயம் அநியாயம் என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி இருக்கும். அவருக்குப் புரிகிற கணக்கில் பேசுங்கள். “சார், நான் சொல்லிக்கொடுத்து அவங்க சொல்லி, அப்புறம் ஊசி நோட்டுலயும் கேட் நோட்டுலயும் ஞாயித்துக்கிழமை தேதி இருந்தா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு. மணி நேரம் அதிகம்னு தெரிஞ்சா சரிபண்ண டைம் குடுப்பாங்க. பொய்க் கணக்குன்னு தெரிஞ்சா நம்பவே மாட்டாங்க. இதை மட்டும் என்கிட்ட விட்டுடாதீங்க சார்.” இதில் பொய் எதுவும் இல்லை. கூடுதல் நேரத்துக்காக மட்டும் உடனே ஆர்டரை நிறுத்துகிற பையர்கள் குறைவு. திருத்துவதற்குத் திட்டம் கேட்பார்கள். கணக்கையே மாற்றி எழுதியது தெரிந்தால் உறவு முறிந்துபோகும். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அவர் கேட்காவிட்டால், “அப்போ என்ன சொல்லணும்னு வாட்ஸ்அப்ல போட்டுடுங்க சார், மாத்திச் சொல்லிடக் கூடாது” என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் வர வேண்டும் என்றதும் பாதி உத்தரவுகள் வராமலே போய்விடும். வேறு யாரையாவது வைத்துச் சொல்லிக்கொடுத்தால் குறுக்கே போய் நிற்க வேண்டாம். உங்கள் லைனிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள்: “உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. பயமா இருந்தா பேசாம இருங்க. யார் என்ன சொன்னாலும் அதை வெச்சு நான் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்.” ஒடிசாப் பிள்ளைகளுக்கு இது அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும். அவர்களுக்குள்ளேயே தமிழ் தெரிந்த ஒருத்தியை வைத்துச் சொல்லுங்கள்.

உங்கள் பாதுகாப்பைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். டெய்லராக இருந்தவரை நீங்கள் சட்டப்படி ‘தொழிலாளி’. அநியாயமாக நிறுத்தினால் தொழில் தகராறாக எடுத்துக்கொண்டு போகலாம். மேற்பார்வை வேலைக்கு வந்து, சம்பளமும் ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பழைய தொழில் தகராறு சட்டத்தில் அந்த வரம்பு மாதம் 10,000 ரூபாய், புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 18,000. பதவிப் பெயரை விட, செய்கிற வேலை என்ன என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க வருஷக்கணக்காக அலைய வேண்டும். அதனால்தான் நாளைக்கே சண்டை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சின்ன நோட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யார், எப்போது, என்ன செய்யச் சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். கம்பெனிக் காகிதங்களைப் போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதையே உங்கள் மீது குற்றமாகத் திருப்புவார்கள்.

ரிஜெக்ட் லிஸ்ட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போட வேண்டாம். இதில் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் இருக்கிறது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதிதான், புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்தச் சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும், அவர் தன் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், பிடிக்கிற தொகை சேதத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது. அபராதம் என்றால் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதம்தான் உச்ச வரம்பு. பெயரும் தொகையும் மட்டும் இருக்கிற ஒரு லிஸ்ட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், விசாரித்து முடித்துவிட்டேன் என்று எழுதிக்கொடுப்பதாகத்தான் அர்த்தம்.

வெறுமனே மறுத்துவிட்டு நிற்கவும் வேண்டாம். ஒரு வாரம் ரிஜெக்ட் பீஸ்களைக் காரணம் பார்த்துக் குவியல் போடுங்கள். நிட்டிங்கில் விழுந்த ஓட்டை, சாயத்தில் வந்த ஷேடு வித்தியாசம், கட்டிங்கில் அளவு மாறியது, மெஷினில் ஆயில் ஒழுகிக் கறையானது, கடைசியாக, உண்மையிலேயே தையலில் போனது. பதினோரு வருஷம் ஓவர்லாக்கில் உட்கார்ந்தவருக்கு ஒரு பீஸைத் திருப்பிப் பார்த்தாலே எது எங்கே போனது என்று தெரியும். எண்ணிக்கையை எழுதி மேனேஜர் மேஜையில் வையுங்கள். டெய்லர் சம்பளத்தில் இருநூறு ரூபாய் பிடிப்பதை விட, ஆயில் ஒழுகுகிற மெஷினைச் சரிபார்ப்பதில்தான் கம்பெனிக்குப் பணம் மிஞ்சும். தையலில் போனதிலும் அடிக்கடி ஒரே பெயர் வந்தால், முதலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி மாற்ற வேண்டிய பெண்களைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

டார்கெட் விஷயமும் அப்படித்தான். ஒரு சாதாரண டீ-சர்ட்டுக்குத் தையல் நேரம் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 20 டெய்லர், 480 நிமிடம், மொத்தம் 9,600 நிமிடம். காகிதத்தில் 1,600 பீஸ் வரும். நூல் மாற்றுவது, பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வராமல் காத்திருப்பது, தண்ணீர், பாத்ரூம் எல்லாம் போக 60 சதவீதம் ஓடினால் 960. டார்கெட் போர்டில் 1,200 என்று எழுதியிருந்தால், பற்றாக்குறை அந்த எண்ணிலேயே இருக்கிறது. உங்கள் தோழியின் கையில் இல்லை. உங்கள் லைனுக்கு உண்மையான எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். மெஷின் காத்திருந்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். சாயப்பட்டறையில் இருந்து துணி இரண்டு நாள் தாமதமாக வந்தால், அந்த இரண்டு நாளை ஒன்றரை ஷிப்டாகவும் ஞாயிறாகவும் உங்கள் லைன்தான் கட்டிக்கொண்டிருக்கும். ஓ.டி. பெரும்பாலும் பிளானிங் மேஜையில்தான் பிறக்கிறது. அதை எண்களோடு எடுத்துச் சொல்லும் சூப்பர்வைசர்கள் குறைவு, சொல்பவர்களை நிர்வாகம் லேசில் இழக்க விரும்பாது.

கூலிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷிப்ட் 500 ரூபாய் என்றால் ஒன்றரை ஷிப்டுக்கு 750 தருவது திருப்பூரில் காலம் காலமாக இருக்கும் பழக்கம். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவிலேயே இருந்தது, இரட்டிப்புக் கூலி புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதன்படி அந்தக் கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 500 சேர்ந்து 1,000 வர வேண்டும். ஊர்ப் பழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது. இதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது, அதற்காகக் குற்ற உணர்வில் உழல வேண்டியதும் இல்லை. ஆனால் யாராவது உங்களிடம் கேட்டால், ‘எல்லா இடத்திலும் இப்படித்தான்’ என்று சொல்லாதீர்கள். சட்டம் இது என்று சொல்லுங்கள்.

உங்கள் கையிலேயே இருக்கிற விஷயங்கள் நிறைய இருக்கின்றன. இதில் உங்களுக்கு மேனேஜர் அனுமதியே தேவையில்லை. லேசான பண்டில் யாருக்குப் போகிறது, கஷ்டமான ஆபரேஷன் யாருக்கு என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் சம்பளம். நம் ஊர்ப் பெண் முகம் சுளித்தால் நமக்குப் புரிகிறது. ஒடிசாப் பெண் சுளித்தால் பாஷை தெரியாததால் புரியாத மாதிரி இருந்துவிடுகிறோம். ராத்திரி ஓ.டி.க்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் விடுதிப் பிள்ளைகள் பக்கம்தான் கை நீளும். அவர்களுக்குப் பிடிக்க வேண்டிய பஸ் இல்லை, வீட்டில் காத்திருக்கிற குழந்தை இல்லை, வார்டனும் கம்பெனி ஆள். ‘வரமாட்டேன்’ என்று சொல்ல அவர்களுக்கு இடமே இல்லை. முறை வைத்து ஒரு தாள் எழுதி டேபிள் பக்கத்துத் தூணில் ஒட்டுங்கள். இந்த வாரம் யார் இருந்தார்கள், அடுத்த வாரம் யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும். பண்டிலுக்கும் அப்படியே. உங்கள் தோழிக்கு நீங்கள் சலுகை தருகிறீர்கள் என்று யாராவது முணுமுணுத்தால் அந்தத் தாளே பதில் சொல்லும். பாத்ரூம் போக டோக்கன் வைத்திருந்தால், உங்கள் லைனில் மட்டுமாவது அதைக் கேட்காதீர்கள்.

திட்டுவதைப் பற்றி. இது எல்லா லைனிலும் இருப்பதுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கார்மெண்ட் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் அந்த நிர்வாகத்தோடும் பையரோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஒவ்வொரு தளத்திலும் தொல்லைகளைக் கவனித்துச் சொல்ல, தொழிலாளர்களில் இருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். கத்துவது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது போன்ற ‘சின்ன’ விஷயங்களையும் அவர்கள் எடுத்துப் பேசினார்கள். பெரிய கொடுமைகள் இந்தச் சின்ன விஷயங்களில் இருந்துதான் தைரியம் பெறுகின்றன. உங்கள் கம்பெனியில் பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் 2013 சட்டப்படி பாலியல் புகார்களுக்கு உள் விசாரணைக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் திங்கட்கிழமையே கேளுங்கள், பெயர்களை லைனில் எழுதிப் போடுங்கள்.

ஆடிட் முடிந்தும் எதுவும் மாறவில்லை, கையெழுத்துக்கு நெருக்குவது தொடர்கிறது என்றால், அப்போது வேறு லைன், வேறு கம்பெனி என்று விசாரிக்கத் தொடங்குங்கள். ஓவர்லாக் தெரிந்த, ஆட்களைத் தக்கவைக்கிற சூப்பர்வைசரைத் திருப்பூரில் யாரும் சும்மா இருக்க விடமாட்டார்கள். கையில் அடுத்த வேலை இருக்கும்போது ‘முடியாது’ என்ற சொல் எளிதாக வரும். கடன் தவணை இருக்கிற வீட்டில் அந்த வரிசையில்தான் செய்ய வேண்டும், முதலில் வேலை, பிறகு ராஜினாமா. தொழிலாளர் துறைக்கோ தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கோ புகார் கொடுப்பதானால் தனியாகப் போகாதீர்கள், ஒரு சங்கத்தின் மூலம் போங்கள்.

தோழியிடம் போய்ப் பேச வேண்டும் என்று நீங்களே நினைத்திருப்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், ‘மனசுல வெச்சுக்காதே’ என்று சொல்லலாம் என்று தோன்றியிருக்கும். போங்கள், ஆனால் அது போதாது. நீங்கள் கத்தியதை 33 பேர் பார்த்தார்கள். காலையில் எட்டரைக்கு மெஷின் சுவிட்ச் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, அவர் மெஷின் பக்கத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொல்லுங்கள்: “அன்னைக்கு நான் பேசுனது தப்பு. டார்கெட் வராததுக்கு அவ காரணமில்ல.” அவர் உடனே நிமிர்ந்து பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிவிட்டு அன்றைய முதல் பண்டிலைப் பிரிக்கத் தொடங்குங்கள்.